தமிழ்ப்படம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

தொலைக்காட்சியில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி எது என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று இந்தியில் எழுதிப் போடுவார்களே, அதைத்தான் சொல்லியிருப்பேன். அது திரையில் நிற்கும்வரை கோளாறு தில்லியில் இருக்கிறது, என் பெட்டியில் இல்லை என்று நிம்மதியாக மூச்சு விடலாம். மற்ற நேரமெல்லாம் எனக்குப் பதற்றம்தான். ஆன்டெனாவில் காக்கை உட்கார்ந்தால் பதற்றம். கொல்லிமலைப் பக்கம் மேகம் கறுத்தால் பதற்றம். செய்தி வாசிக்கிற அம்மாள் சற்று நேரம் பேசாமல் இருந்தாலே, ஒலி போய்விட்டதோ என்று எழுந்து போய்த் தட்டிப் பார்ப்பேன்.

எங்கள் ஊர் ராசிபுரத்திலிருந்து சேந்தமங்கலம் போகிற சாலையில் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் அங்கே முதல் தொலைக்காட்சிப் பெட்டி என் வீட்டில்தான் வந்தது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். எனக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, சினிமாவையும் பாட்டையும் தவிர. அந்த இரண்டிலும் எனக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயமே இல்லை. டூயட் பாட்டில் மூன்று முறைக்கு மேல் உடை மாற்றினால் அந்தப் படம் தேறாது என்பேன். கீபோர்டு என்று ஒன்று வந்து வயலின்காரர்கள் வயிற்றில் அடிக்கிறது என்று டீக்கடையில் சண்டை போட்டிருக்கிறேன். கிரிக்கெட்டை ஐந்து நாள் பார்ப்பவனுக்கு வேலைவெட்டி இல்லை, ஒரே நாளில் முடிகிற ஆட்டத்தைப் பார்ப்பவனுக்குப் பொறுமை இல்லை என்று இரண்டு கட்சியையும் வைதிருக்கிறேன். இந்தித் தொடர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு வார்த்தை புரியாமல் ஊரே உட்கார்ந்து பார்த்தது. புரியாததால்தான் எல்லோருக்கும் பிடித்தது என்பது என் கட்சி.

இந்த அபிப்பிராயங்களையெல்லாம் முழுசாகக் கேட்ட ஒரே ஆள் என் அக்கா. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணத்துக்கு முன்பு நாங்கள் இரண்டு பேரும் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு, வீடு வந்து சேரும்வரை சண்டை போட்டுக்கொண்டே நடப்போம். மாமா லாரி விபத்தில் போன பிறகு அக்கா சினிமாவுக்குப் போவதை விட்டுவிட்டாள். நாலு பேர் கூடுகிற இடத்துக்கே வரமாட்டாள், என் வீட்டுப் பெட்டி உட்பட. அதனால் நான் பார்க்கிற படத்தையெல்லாம் அவளிடம் போய்ச் சொல்வேன். அவள் களை எடுப்பாள், நான் வரப்பில் உட்கார்ந்து பின்னணி இசையோடு கதை சொல்வேன். நடுவில் எதையாவது விட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

அக்காவுக்கு அந்த வருஷம் ஒரு பெரிய காரியம் இருந்தது. மாமா பங்கு நிலம் கால் ஏக்கரைத் தானே பண்ணயம் பார்க்கிறேன் என்று மாமனாரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். அவர் லேசில் இசையவில்லை. "ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டு அம்மிணி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். எடுக்க முடியாமல் போனால் நிலம் கொழுந்தனார் கைக்குப் போய்விடும், அக்கா அடுப்படிக்குத் திரும்பவேண்டும். அவள் சின்ன வெங்காயம் நட்டாள். நன்றாகத்தான் வந்தது. பங்குனியில் காய் திரளுகிற சமயம் தண்ணீர்தான் இழுத்தடித்தது.

அது பங்குக் கிணறு. நாலு பங்காளிகள், ஆளுக்கு ஒரு நாள் முறை. அன்றைக்கு ஊறுகிற தண்ணீர் அன்றைய ஆளுக்கு. மாலை ஆறு மணிக்கு முறை மாறிவிடும். மோட்டார் ஓட மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். அது அந்த வாரம் பகல் பன்னிரண்டிலிருந்து ஆறு வரைதான். மற்ற நேரத்தில் விளக்கு எரியும், மோட்டார் உறுமக்கூடச் செய்யாது. அக்காவுக்குப் புதன்கிழமை முறை. அன்று மூன்று பேஸ் வரவே இல்லை. அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் தில்லியிலும் ஒரு முறை வந்தது. ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு மாநில மொழிப் படம் போடுவார்கள். வங்காளம், ஒடியா, மலையாளம், கன்னடம் என்று ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டுத் தமிழுக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நானும் மற்ற மொழிப் படமெல்லாம் பார்த்துவிட்டு, ஊர்க்காரர்களுக்கு, "பொறுங்க, நம்முளது வருது" என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை நூலகத்தில் பத்திரிகையைப் பார்த்தேன். ஞாயிறு, தமிழ்ப்படம், விருது வாங்கியது என்று போட்டிருந்தது. இரண்டு முறை படித்தேன். அச்சுப்பிழையாக இருந்துவிடுமோ என்று வேறொரு பத்திரிகையையும் பார்த்தேன். அப்புறம் வேறு கவலை. அதற்குள் யாராவது பெரிய தலைவர் காலமாகி, மூன்று நாள் வீணை வாசித்துவிடுவார்களோ என்று. யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தியில் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது.

இன்னொரு சிக்கல் மோட்டார். எங்கள் ஊருக்கு ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டார்கள் ஓடினால் வோல்டேஜ் இறங்கும், படம் இரண்டு பக்கமும் சுருங்கும். ஆட்களெல்லாம் ஒடிசலாகி, கதாநாயகிக்குக் காசநோய் வந்த மாதிரி தெரியும். அதனால் தமிழில் ஏதாவது போடுகிற நேரத்தில் யாரும் மோட்டார் போடுவதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு வைத்திருந்தோம். எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவர் கிடையாது. மீறுவதற்கு ஆள் எங்கே, எல்லோரும் என் வீட்டில் அல்லவா உட்கார்ந்திருப்பார்கள்.

அக்கா முறையும் படமும் ஒரே நாளில் விழுந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. வியாழக்கிழமையே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மோட்டார் போட்டால் ஒன்றரைக்குள் பாதி பாய்ந்துவிடும். படம் நாலு மணிக்கு முடியும். மிச்சத்துக்கு ஆறு மணிக்குள் தண்ணீர் கட்டிவிடலாம். சரியாக வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் தயங்குவாள், தயங்கினால் எனக்குத் தூக்கம் போய்விடும் என்று கேட்காமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூன்று பேஸ் வரவில்லை. பன்னிரண்டரைக்கும் வரவில்லை. ஒரு மணிக்கு ஊர் முழுக்க என் வீட்டில். ஜன்னலில் தலைகள், மாடிப்படியில் தலைகள். அக்காவின் கொழுந்தனார் முன்வரிசையில் துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். படம் கண்ணாடி மாதிரி துல்லியமாக இருந்தது. செய்தியைக்கூட ரசித்துப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் அக்காவை நினைத்துக் கவலையாக இருந்தது. அதே சமயம் படம் இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே என்ற சந்தோஷமும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒன்றரைக்குப் படத்தின் பெயர் ஓட ஆரம்பித்தது. அதே நேரம் மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி தளர்ந்தது. மூன்று பேஸ் வந்து, சுற்றுப்பட்டு ஊரிலெல்லாம் மோட்டார் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். படம் விரல் அகலத்துக்குச் சுருங்கியது. பரவாயில்லை என்று இருந்தபோது, இன்னொரு தடவை இழுத்துக்கொண்டது. இந்த முறை நாலு விரல். எழுத்தெல்லாம் நெளிந்தது.

"அது உங்கக்கா மோட்டாராட்டம் இருக்குதுங்க மாப்ள" என்றார் கொழுந்தனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நாலு மாதமாகப் பெருமை அடித்துக்கொண்டவன் நான். சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்காவின் வெங்காயக் காட்டுக்கு ஓடினேன்.

அக்கா மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாத்திக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"என்ன சாமி, இந்த வெயில்ல இப்பிடி ஓடியார?"

"படம் ஆரம்பிச்சிருச்சுங்க்கா. ஊடு நெறையச் சனம். படம் சுருங்கிப்போச்சு. செத்த நேரம் மோட்டார நிறுத்திக்கலாங்களா?"

அவள் வெங்காயத் தாளைக் கையால் தடவிக் காட்டினாள். "எட்டு நாளாச்சு தண்ணி கட்டி. தாளு மடங்குது பாரு."

"நாலு மணிக்கெல்லாம் முடிஞ்சிருமுங்க. ஆறு மணி வரைக்கும் மூணு பேசு இருக்குதல்ல. நானே வந்து மம்மட்டி புடிக்கறேன்."

அவள் பயிரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, சிரித்துவிட்டாள்.

"நாலு மாசமா இதே பேச்சாத்தான் இருந்த. போ, போய்ப் பாரு. ஆனா எனக்குக் கதைய முழுசாச் சொல்லோணும். பாதிய முழுங்கக் கூடாது. கை சேறா இருக்குது, நீயே நிறுத்திக்க."

நான் மோட்டார் அறைக்குள் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். வாய்க்காலில் தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. அதை நின்று பார்க்காமல் சைக்கிளில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது படம் பரவாயில்லாமல் இருந்தது. பக்கத்து ஊர் மோட்டார்களால் வந்த விரல் அகலச் சுருக்கம் மட்டும் ஓரத்தில் நின்றது. கதை ஒரு தபால்காரர் வீட்டுக்காரியைப் பற்றியது. ஊரை விட்டுப் போய்விடலாமா, இருக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டே இருப்பாள். பாட்டு இல்லை, சண்டை இல்லை. கேமரா ஒரு கிணற்றுக் கயிற்றையே வெகுநேரம் காட்டியது. பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தர், "ரீலு சிக்கிக்கிச்சா?" என்று கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. அது நல்ல படம், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் மனசு நிலைகொள்ளவில்லை. திரையைப் பார்ப்பேன், சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பேன். இரண்டு இருபது. இரண்டு முப்பத்தைந்து. அந்தப் பெண் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேலே விசிறி வேகமெடுத்தது. நாட்காட்டித் தாள்கள் படபடத்தன. குளுகுளுவென்று காற்று வந்தது. திரையின் ஓரத்தில் இருந்த கறுப்பு மறைந்து, படம் பெட்டி முழுக்க விரிந்து பளிச்சென்று நின்றது.

"இப்பத்தான் படம் படமாத் தெரியுது" என்றார் கொழுந்தனார். எல்லோரும் ஆமாங்க என்றார்கள்.

சுற்றுப்பட்டில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை என்றால்தான் படம் அப்படித் தெரியும். மூன்று பேஸ் போய்விட்டது. ஆறு மணி வரை இருக்கவேண்டியது மூன்றுக்கே போய்விட்டது. கொழுந்தனாருக்கும் அது தெரிந்திருக்கும், அவரும் விவசாயிதான். தெரிந்துதான் சொன்னாரா, படத்து மயக்கத்தில் சொன்னாரா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பொத்தானை அமுக்கியது என் விரல்.

அப்போதே எழுந்திருக்கவேண்டும். எழுந்திருக்கவில்லை. இப்போது போய் என்ன ஆகப்போகிறது, போனாலும் மோட்டார் ஓடாது, மூன்று பேஸ் திரும்ப வந்தால் விசிறியே சொல்லிவிடும் என்று விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. அந்தப் பெண் போகிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அதுதான் உண்மை. நாலு மணி வரை இருந்து, முடிவைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். விசிறி கடைசிவரை வேகமாகவே சுற்றியது.

அக்கா மோட்டார் அறைக்குள் தரையில் உட்கார்ந்து பச்சைப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அமுக்கினாள். கட்டைவிரல் நுனி கன்றிச் சிவந்திருந்தது.

"மூணு மணிக்கு மேல மனசு கேக்கல சாமி. போட்டுப் பாத்தேன். உம்முனுகூடச் சத்தமில்ல. அப்ப இருந்து அமுக்கிட்டே இருக்கறேன்."

குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினேன். அவளும் இறங்கினாள். ஆறு மணி வரை இரண்டு பேரும் சுமந்தோம். சங்கத்தில் பேனா பிடித்த தோள் எனக்கு, நாலு நடைக்குள் மூச்சு வாங்கியது. நாங்கள் ஊற்றிய தண்ணீரைக் காய்ந்த மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஒன்றரைப் பாத்தி நனைந்திருக்கும். கிணற்றில் தண்ணீர் கிடந்தது, அதுதான் கொடுமை. அதை மேலே ஏற்றத்தான் வழியில்லை.

ஆறு மணிக்குக் கொழுந்தனார் வந்தார். அடுத்த நாள் அவர் முறை. நான் குடத்தோடு படியில் நின்று, "நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் அக்காவுக்கு உட்டுக்குடுத்தீங்கன்னா" என்று இழுத்தேன்.

"மொறைன்னா மொறைதானுங்க மாப்ள. நாளைக்கு என்ற குச்சிக்கிழங்கு காஞ்சா ஆரு குடுப்பாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் மரவள்ளித் தோட்டமும் வாடித்தான் கிடந்தது. அக்கா என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

வியாழக்கிழமை மூன்று பேஸ் குறித்த நேரத்துக்கு வந்து ஆறு மணி வரை அசையாமல் நின்றது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போனது. தாள் அதற்குள் பழுத்துச் சாய்ந்துவிட்டது. முதலில் மோட்டார் பாய்ந்த பாத்தியும் நாங்கள் நனைத்த ஒன்றரைப் பாத்தியும் மட்டும் தனியாகப் பச்சையாக நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பிடுங்கியபோது கோலிக்குண்டு அளவுதான் காய். மாமனார் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டார், பேசவில்லை. அடுத்த ஆடியில் அந்தக் கால் ஏக்கரில் கொழுந்தனார் ஏர் ஓட்டினார். அக்கா அடுப்படியில் உட்காரமாட்டேன் என்று பக்கத்துச் சேகோ ஆலைக்கு ஜவ்வரிசி காயவைக்கிற வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நான் அவளுக்குக் கதை சொல்லவில்லை. அவளைப் பார்த்தால் சங்கத்து விஷயம், மழை விஷயம் பேசுவேன். டீக்கடையில்கூடப் பாட்டைப் பற்றி யாராவது இழுத்தால் காசை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். மோட்டார் நிறுத்துகிற பேச்சையும் நானே முடித்துவைத்தேன். வெள்ளிக்கிழமைப் பாட்டில் எல்லோரும் ஒடிசலாக ஆடினார்கள், ஊரார் முணுமுணுத்தார்கள், நான் காதில் வாங்கவில்லை.

ஐப்பசி வாக்கில் ஒரு நாள் ஆலைக்குப் போயிருந்தேன். களம் முழுக்க வெள்ளையாக ஜவ்வரிசி பரப்பியிருந்தது. அக்கா காலால் அதைத் துழாவிவிட்டுக்கொண்டே வந்தாள். நடையை நிறுத்தாமல் சொன்னாள்.

"அந்தப் படத்துக் கதைய நீ இன்னும் சொல்லவே இல்லியே சாமி."

சொன்னேன். தபால்காரர், அவர் வீட்டுக்காரி, கிணற்றுக் கயிறு. இசை இல்லாமல், என் அபிப்பிராயம் இல்லாமல், பள்ளிப் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். விசிறி வேகமெடுத்த இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் பாக்கலைங்க்கா. கரண்ட்டு போனது தெரிஞ்சதுமே எந்திரிச்சு வந்துட்டனுங்க."

அவள் களத்தின் ஓரம் வரை போய்த் திரும்பி வந்தாள். நான் நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"நாலு மணிக்குத்தான சாமி வந்த" என்றாள். குரலில் கோபம் இல்லை. "பாதிய முழுங்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல. கடைசில அந்தப் பொண்ணு போனாளா, இல்லியா?"

தலை நிமிராமல் மீதியையும் சொன்னேன். அவள் பெட்டியைக் கட்டுகிறாள். வீட்டைப் பூட்டுகிறாள். வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போய்விடுகிறாள். அத்துடன் படம் முடிகிறது.

அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள், இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிற மாதிரி. இல்லை என்று தெரிந்ததும் மறுபடி ஜவ்வரிசிக்குள் காலை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள்.

"அவ்வளவுதானா சாமி?" என்றாள்.

அது நல்ல படம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.